‘படித்து அழுதேன்’ என்று சொன்னால் யார் படிப்பார்கள்?

கேள்வி: நாங்கள் பானஸ்வாடியில் இருக்கிறோம். எங்கள் அபார்ட்மென்ட்டிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் நடத்துகிறோம். சமீபத்தில் கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யாவின் இளமைக்கால நினைவுகளான ‘ஊரும் சேரியும்’ புத்தகத்தை, பாவண்ணன் தமிழாக்கத்தில் படித்தேன். பல இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். அடுத்த கூட்டத்துக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் நீளமாக எழுதி அனுப்பினேன். ஒருவர், “வாரம் முழுக்க ஆபீஸ் டென்ஷன், ஞாயிற்றுக்கிழமையும் சோகமா?” என்றார். இன்னொருவர், “நம்ம வட்டத்தில் ஜாதி விஷயமெல்லாம் எதற்கு?” என்றார். மற்றவர்கள் பதிலே சொல்லவில்லை. பதினாலு வயது மகளிடம் கொடுத்தால், “நீ அழுததைப் பார்த்ததுமே எனக்கு வேண்டாம்னு தோணிடுச்சும்மா” என்கிறாள். மனதைத் தொட்ட ஒரு புத்தகத்தை மற்றவர்களும் படிக்கும்படி எப்படிச் சொல்வது? இல்லை, சொல்லாமல் விட்டுவிடுவதுதான் மரியாதையா? அந்தக் குறிப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, பானஸ்வாடி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லாமல் விடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வாசகர் வட்டங்களோடும் பல வருடப் பழக்கம் உண்டு. நான் பார்த்தவரை, ஒரு கூட்டத்தில் நல்ல பேச்சு நடந்தது என்றால், அது யாராவது ஒருவர் மனசு கேட்காமல் “இதைப் படித்தே ஆக வேண்டும்” என்று பிடிவாதமாகக் கொண்டுவந்த புத்தகமாகத்தான் இருக்கும். யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் பாதிப் பேர் பாதி படித்துவிட்டு வருவார்கள். உங்களுக்கு வந்திருக்கும் பிடிவாதம் நல்ல பிடிவாதம். அதை விட வேண்டாம்.

உங்கள் குறிப்பை நிதானமாகப் படித்தேன். மனதார எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் வறுமை, கொடுமை, அவமானம், கண்ணீர் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. புத்தகத்தில் இருக்கிற அந்தப் பையன் வரவே இல்லை. அவன் எங்கே நின்றான், எதைப் பார்த்தான், எதற்குச் சிரித்தான் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களை அழ வைத்தவன் அவன். நண்பர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ உங்கள் அழுகை மட்டும்தான். உங்கள் மகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

சிறுவயது நினைவுகளைச் சொல்லும் புத்தகம் ஏன் நம்மை இப்படி உலுக்குகிறது என்று கொஞ்சம் யோசிப்போம். மாக்சிம் கார்க்கியின் ‘எனது குழந்தைப் பருவம்’ அப்பாவின் சாவில் தொடங்குகிறது. மழை நாளில் அடக்கம் செய்கிறார்கள். குழிக்குள் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. தவளைகள் இருக்கின்றன. இரண்டு தவளைகள் சவப்பெட்டி மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அப்படியே மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். பையனுக்கு ஒரே கவலை: அந்தத் தவளைகள் வெளியே வந்துவிடுமா? பாட்டியிடம் அதைத்தான் கேட்கிறான். சாவைப் பற்றி நான் படித்த எத்தனையோ உருக்கமான வர்ணனைகள் மறந்துவிட்டன. அந்தத் தவளைகள் மறக்கவில்லை.

தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. அதில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறாள். பத்து நிமிட வழியை வேடிக்கை பார்த்தபடியே அரை மணி, ஒரு மணி நேரம் நடக்கிற பெண் அவள். தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு சின்னப் பொட்டலத்தை, தொடாமல், அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். எண்ணெய் ஊறிய பொட்டலம். இப்படிப் பிடித்தால் அவிழ்ந்து கீழே கொட்டிவிடாதோ என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பெரியவர் ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு வந்தார் என்பதை அண்ணன் சொன்ன பிறகு அந்தச் சிறுமிக்கும் சிரிப்பு போய்விடுகிறது.

அப்புறம் உங்கள் புத்தகம். வயலில் இரண்டு பேர் நுகத்தடியைத் தோளில் தாங்கி மாடுகளைப் போல இழுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒருவர் ஏர் பிடித்து உழுகிறார். பையன் பார்க்கிறான். நுகத்தடியில் இருப்பவர்களில் ஒருவர் அவனுடைய அப்பா. இதை எழுதிவிட்டு சித்தலிங்கய்யா நமக்குப் பாடம் நடத்துவதில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நாம்தான் அந்த வரப்பிலேயே நின்றுவிடுகிறோம்.

இந்த மூன்று இடத்திலும் குழந்தை ஒன்றைப் பார்க்கிறது. அதன் முழு அர்த்தம் அதற்கு இன்னும் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் நடுவே இருக்கிற அந்தத் தூரத்தில்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ‘தீண்டாமைக் கொடுமையை உருக்கமாகச் சொல்லும் நூல்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் அந்தத் தூரம் இல்லாமல் போய்விடும். படிக்க வருபவர் அர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே வருவார். பையனின் பக்கத்தில் போய் நிற்க மாட்டார். ‘எனக்குத் தெரிந்த விஷயம்தானே’ என்று இருபதாம் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிடவும் செய்வார். அதனால் பரிந்துரைக்கும்போது அந்தக் குழந்தை பார்த்ததைச் சொல்லுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லாதீர்கள். நீங்கள் அழுததைக் கடைசி வரியில் வேண்டுமானால் சொல்லலாம். சொல்லாவிட்டால் இன்னும் நல்லது.

“ஞாயிற்றுக்கிழமையும் சோகமா?” என்று கேட்ட நண்பரின் களைப்பு உண்மையானது. காலையில் சில்க் போர்டு நெரிசலில் நின்று, ராத்திரி அதே நெரிசலில் திரும்பி வருகிறவரிடம் ‘மனசைக் கனமாக்கிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது சுலபமில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: டோட்டோ-சான் பிடிக்குமா? அனேகமாகப் பிடிக்கும் என்பார். தமிழில் அதைப் படித்தவர்கள் அவ்வளவு பேர். தெத்சுகோ குரோயாநாகி தன் சிறுவயதைப் பற்றி எழுதிய புத்தகம் அது. எல்லோர் நினைவிலும் ரயில் பெட்டிகளில் நடக்கும் வகுப்புகளும், ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ என்று பகிர்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாடும், சிறுமி பேசுவதை நாலு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிற தலைமையாசிரியர் கோபயாஷியும்தான் இருப்பார்கள். சந்தோஷமான புத்தகம் என்றே சொல்வார்கள். அதே புத்தகத்தில்தான் போலியோ வந்த சிநேகிதன் இறந்துபோகிறான். வளர்த்த நாய் காணாமல் போகிறது. கடைசியில் 1945-இல் குண்டு விழுந்து அந்தப் பள்ளிக்கூடமே எரிகிறது. இத்தனையும் இருந்தும் யாரும் அதைச் சோகப் புத்தகம் என்று தள்ளி வைக்கவில்லை. அந்தச் சிறுமியோடு நமக்கு முதலிலேயே சிநேகம் ஆகிவிடுவதுதான் காரணம். சிநேகமான ஒருத்தியின் துக்கத்துக்கு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டோம்.

‘ஊரும் சேரியும்’ படித்தவர்களுக்கு அதில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்பது தெரியும். உங்கள் குறிப்பில் அது விட்டுப்போயிருக்கிறது. பசியைப் பற்றிச் சொல்லும்போதும் குறும்பு விலகாத எழுத்து அவருடையது. ஹாஸ்டல் நாட்கள், பேய் பிசாசு பயங்கள், ஸ்ரீராமபுரத்து மயானத்தில் போய் உட்கார்ந்து படிக்கிற பையன் என்று எத்தனையோ இருக்கிறது. மயானத்தில் உட்கார்ந்து படிக்கிற ஒரு பையனைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தாலே உங்கள் நண்பர் ‘அப்படியா, ஏன்?’ என்று கேட்டிருப்பார். அந்தச் சிரிப்பைச் சோகத்தின் மேல் தடவிய இனிப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி வாழ்ந்தவர்கள் அழுதுகொண்டே இருக்கவில்லை. விளையாடினார்கள், கேலி செய்தார்கள், திருட்டுத்தனம் செய்தார்கள். கண்ணீரை மட்டும் எடுத்துச் சொன்னால் அவர்களைப் பாதி மனிதர்களாக்கிவிடுகிறோம். எனக்கு இது முக்கியமான விஷயமாகப் படுகிறது.

சரி, “ஜாதி விஷயமெல்லாம் எதற்கு?” என்ற கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு காரியம் செய்யக் கூடாது. அவரோடு வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அதே சமயம், ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா ஒரு சின்ன வயசுக் கதை’ என்று மறைத்தும் கொண்டுபோகாதீர்கள். மறைத்தால் புத்தகத்துக்கும் துரோகம், படிக்க வருபவருக்கும் துரோகம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். சிலர் சங்கடம் வேண்டாம் என்பதற்காகச் சொல்வார்கள். வேறு சிலருக்கு அது சொந்தக் காயமாக இருக்கும். ஊரை விட்டு பெங்களூருக்கு வந்ததில் பலருக்குக் கிடைத்த பெரிய நிம்மதியே “நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?” என்ற கேள்வி குறைந்ததுதான். அதுவும் முழுக்க நின்றுவிடவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்று கேட்டு அதன் வழியாகவே விஷயத்துக்கு வருகிற வீட்டுக்காரர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வட்டத்தில் தன் பின்னணியை யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஒருவர் இருக்கலாம். அவர் பதில் சொல்லாத அந்த மற்றவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆட்சேபித்தவராகவே கூட இருக்கலாம். இந்தப் புத்தகத்தைப் பேச உட்காரும் நாளில் எல்லோரும் தன் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அதனால் ஆட்சேபித்த அந்த நண்பரிடம் தனியாக, போனில்கூட வேண்டாம், மாலையில் நடக்கும்போது நேரிலேயே பேசுங்கள். “இதில் ஜாதி இருக்கிறது சார், நிறையவே இருக்கிறது. நான் மறைக்கவில்லை. நாம் யாரும் நம்மைப் பற்றி எதையும் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் இருக்கிற பையனைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்தப் பொறுப்பு என்னுடையது” என்று சொல்லுங்கள். சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். கூட்டம் தொடங்கும்போது இதை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முறை சொல்லிவிடுங்கள். யாரையும் “உங்க ஊர்ல எப்படி?” என்று கேட்கக் கூடாது. தானாக ஒருவர் சொந்த அனுபவம் சொன்னால், அவர் முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. முடித்த உடனே “எங்க வீட்டுல அப்படியெல்லாம் பார்க்கிறதே இல்லை” என்று ஒரு குரல் எழும். எல்லாக் கூட்டத்திலும் எழுகிறது. அதைச் சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்வார், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், பேசியவரின் அனுபவம் ஓரமாகப் போய்விடும், இவருடைய நல்ல பெயர் நடுவுக்கு வந்துவிடும். அப்போது கூட்டத்தை நடத்துகிறவர் பக்கத்தைப் புரட்டி, புத்தகத்திலிருந்தே அடுத்த கேள்விக்குப் போய்விடுவது நல்லது. நடத்துகிறவர் நீங்கள்தான் என்பதால் அந்தக் கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேள்வி கேட்கலாம் என்றால், நான் பெரும்பாலும் கேட்பது இது: “எட்டு வயதில் உங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும்?” இதற்கு யார் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்ல விரும்பாததைச் சொல்லாமலும் தப்பித்துக்கொள்ளலாம். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டைப் பற்றி அவர் சொல்லுவார். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்கிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், தினமும் ரயிலேறி வந்து வேலை பார்க்கிற குடும்பங்கள் எத்தனையோ. பின்னி மில், மினர்வா மில் சங்குச் சத்தத்தில் எழுந்த பெரியவர்களும் இருக்கலாம். இவர்கள் வாய் திறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் பாரமாக இருக்காது.

இந்தப் புத்தகத்தைப் பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்ல இன்னொரு நல்ல வழி இருக்கிறது. இது நம் ஊர்ப் புத்தகம். சித்தலிங்கய்யா 1954-இல் மாகடி தாலுகா மஞ்சனபெலேயில் பிறந்தார். அர்க்காவதி அணையைப் பார்க்க இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போகிறார்களே, அதே மஞ்சனபெலே. பிழைப்புக்காகக் குடும்பம் நகரத்துக்கு வருகிறது. கோபாலபுரம் ஹாஸ்டல், ஸ்ரீராமபுரம் என்று அவருடைய இளமை நகர்கிறது. ஸ்ரீராமபுரம் எவ்வளவு தமிழ் பேசும் இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குப் பச்சை வழி மெட்ரோவில் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஜன்னல் பக்கம் நின்றால் கூரைகளும் மொட்டை மாடித் துணிகளும் நெருக்கமாகத் தெரியும். அந்தத் தெருக்களில் பசியோடு புத்தகம் வைத்துக்கொண்டு அலைந்த ஒரு பையன் பிறகு கர்நாடகத்தின் தலித் இயக்கமான தலித் சங்கர்ஷ சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1975-இல் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு கன்னடக் கவிதையின் குரலையே மாற்றியது. சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார், 2021 ஜூனில் கொரோனாவில் இறந்தார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவ்வளவும் குறிப்பில் வேண்டாம். ‘நாம் தினமும் மெட்ரோவில் கடந்துபோகிற தெருவில் நடந்தது’ என்ற ஒன்று போதும்.

நான் எழுதியிருந்தால் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும். அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் சொல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“மாகடி பக்கம் ஒரு கிராமம். ஒரு பையன் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஏர் போய்க்கொண்டிருக்கிறது. நுகத்தடியில் மாடுகள் இல்லை, இரண்டு ஆட்கள். அதில் ஒருவர் அவனுடைய அப்பா. அந்தப் பையன் பிறகு நம் ஸ்ரீராமபுரத்துக்கு வருகிறான். ஹாஸ்டலில் சேர்கிறான், மயானத்தில் உட்கார்ந்து படிக்கிறான், கவிஞனாகிறான். ஜாதி என்ன செய்யும் என்பதை மறைக்காமல் சொல்கிற புத்தகம். சிரிக்க வைக்கவும் செய்கிறது. சித்தலிங்கய்யா எழுதி, பாவண்ணன் தமிழில் தந்திருக்கும் ‘ஊரும் சேரியும்’. அடுத்த கூட்டத்தில் சில பக்கங்களை வாசித்துக் காட்டுகிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். எழுதி அனுப்பிச் சம்மதம் கேட்பதைவிட வாசித்துக் காட்டுவது பல மடங்கு வேலை செய்யும். புத்தகம் வாங்கச் சொல்லவில்லை, முடித்துவிட்டு வரச் சொல்லவில்லை, சும்மா ஐந்து நிமிடம் கேட்கச் சொல்கிறீர்கள். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. நுகத்தடிப் பகுதியை வாசியுங்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ, உங்களையே சத்தமாகச் சிரிக்க வைத்த ஒரு பக்கத்தையும் கட்டாயம் வாசியுங்கள். வீட்டில் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். அழுகை வருகிற இடம் எதுவென்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காமல், குரலைக் குழைக்காமல் நேராகப் படித்துக்கொண்டே போங்கள். சித்தலிங்கய்யா அப்படித்தான் எழுதியிருக்கிறார். வாசித்து முடித்ததும் “எப்படி இருந்தது?” என்று உடனே கேட்காதீர்கள். காபி கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

அதற்குப் பிறகும் வட்டம் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். விருப்பப்பட்ட மூன்று பேர் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்தாலும் அது வாசகர் வட்டம்தான். சிலருக்கு இது நேரம் இல்லை என்பதும் உண்மையாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர், சமீபத்தில் அப்பாவை இழந்தவர் போன்றவர்களிடம் “இப்போ வேண்டாம்னா அப்புறம் படிங்க, புத்தகம் என்கிட்ட இருக்கும்” என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு பிரதி கிடைக்கவில்லை என்றால் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே பிரதியை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்வதும் நல்ல பழக்கம்தான்.

வாய்ப்பிருந்தால் உங்கள் மாடியில் இருக்கிற கன்னடக் குடும்பம் ஒன்றையும் கூப்பிடுங்கள். ஒரே பக்கத்தை அவர்கள் மூலத்தில் வாசிக்க, நீங்கள் தமிழில் வாசிக்கலாம். இந்த ஊரில் தமிழரும் கன்னடரும் காவிரியைப் பற்றி மட்டுமே சேர்ந்து பேசியிருக்கிறோம், அதுவும் சண்டையாக. 1991-இல் காவிரிப் பிரச்சினையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள். ஒரு கன்னடக் கவிஞரின் சிறுவயதைத் தமிழர்கள் விரும்பிப் படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள் என்றால், வருகிற கன்னட நண்பருக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். நமக்கும்தான்.

இனி உங்கள் மகள். பதினாலு வயதுக்கு இந்தப் புத்தகம் அதிகமா என்ற சந்தேகம் உங்களுக்குள் இருந்தால், என் பதில்: அதிகமில்லை. புத்தகத்தில் இருக்கிற பையன் இதையெல்லாம் பார்த்தபோது அவளைவிடச் சின்னவன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்னதற்கு நீங்கள் மதிப்புக் கொடுத்தாக வேண்டும். அம்மா அழுகிற ஒரு பொருளுக்குப் பக்கத்தில் போகக் குழந்தைகள் தயங்குவது இயல்பு. தானும் அழுதால்தான் அம்மாவுக்குத் திருப்தி என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். “நீ படிக்கலைன்னாலும் பரவாயில்லை” என்று உண்மையாகவே சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அப்புறம் அவளிடம் ஒரு உதவி கேளுங்கள். இங்கே பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் நம்மைவிடச் சரளமாகக் கன்னடம் வாசிப்பார்கள். நம்மில் பலர் கடையிலும் ஆட்டோவிலும் பேசுகிறோமே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. கன்னட மூலத்தை வாங்கி, ‘கூட்டத்தில் இரண்டு மொழியிலும் வாசிக்கப் போகிறோம், இந்த ஒரு பக்கத்தைக் கன்னடத்தில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாயா, உச்சரிப்பு சரியா என்று பார்க்க வேண்டும்’ என்று கேளுங்கள். சிரிக்க வைக்கிற பக்கத்தைக் கொடுங்கள், நுகத்தடிப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். அவள் வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுங்கள்.